பொட்டுக் கேப்பும் சட்டைப்பைத் துப்பாக்கியும்

1800களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி கிராமத்தில் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத் என்றொரு பாதிரியார் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாட்களில் ஒழிந்த நேரத்தில் வாத்து வேட்டை. வாத்துகள் அவரை ஏமாற்றிக்கொண்டே இருந்தன. அன்றைய துப்பாக்கியில் விசையை இழுத்தால், சிக்கிமுக்கிக் கல் ஒன்று எஃகுத் தகட்டில் உரசும். பொறி சிதறி, குழலுக்கு வெளியே ஒரு சின்னக் கிண்ணியில் கொட்டி வைத்த மருந்தில் விழும். அந்த மருந்து புஸ்ஸென்று எரிந்து, பக்கத்துத் துளை வழியாகத் தீயை உள்ளே அனுப்பும். அதற்குப் பிறகுதான் வெடி. எல்லாம் கண்ணிமைக்கும் நேரம்தான். ஆனாலும் வெளியே எரியும் வெளிச்சத்தைப் பார்த்த கணமே வாத்து தண்ணீருக்குள் முங்கிவிடும். திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்களில் முக்குளிப்பானைக் கவனித்தவர்களுக்கு இந்த வேகம் தெரியும். இப்போது இருந்தது, அடுத்த கணம் இல்லை.

ஃபோர்சைத்துக்கு வேதியியலில் கை பழக்கம் உண்டு. தீயை உரசி உண்டாக்கி, வெளியே எரியவிட்டு, உள்ளே அனுப்புவானேன், ஓர் அடியில் தானாக வெடிக்கிற பொருளைக் குழலின் வாசலிலேயே வைத்துவிட்டால் என்ன என்று யோசித்தார். அப்படிப்பட்ட பொருள் ஒன்று புதிதாகக் கிடைத்திருந்தது. எட்வர்ட் ஹாவர்ட் என்ற ஆங்கிலேயர் 1800இல் பாதரச ஃபல்மினேட்டைப் பற்றி ராயல் சொசைட்டிக்கு எழுதியிருந்தார். செய்து பார்த்ததில் அவரே காயமும் பட்டிருந்தார். ஃபோர்சைத் 1807இல் தன் பொறியமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் வேறு சிலர் அதை இன்னும் சுருக்கி, பட்டாணி அளவு செம்புத் தொப்பிக்குள் அந்த மருந்தை ஒட்டினார்கள். துப்பாக்கியின் பின்புறத்தில் ஓட்டையுள்ள சிறிய நிப்பிள் ஒன்று, அதன் தலையில் இந்தத் தொப்பி, மேலே குதிரை என்ற சுத்தி. குதிரை அடித்தால் தொப்பி வெடிக்கும், தீ நேரே குழலுக்குள் பாயும். இதுதான் கேப்.

வாத்துக்காக வந்த கேப், துப்பாக்கியை மனிதனின் சட்டைப்பைக்குள் கொண்டுவந்து சேர்த்தது. கல்லும் தகடும் கிண்ணியுமாக இருந்த வரைக்கும் துப்பாக்கியை நம்பிப் பையில் போட்டு நடக்க முடியாது. சிறு கைத்துப்பாக்கிகள் அப்போதும் இருந்தன. ஆனால் நாலு எட்டு நடந்தால் கிண்ணியிலிருந்து மருந்து உதிரும், வியர்வையில் நமுத்துப் போகும், நீட்டிக்கொண்டிருக்கும் கல் துணியில் மாட்டும். கேப் வந்ததும் தீயைப் பத்திரமாக மூடி வைத்தாயிற்று. அதன்பின் குழலை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம் என்று தோன்றியது. ஃபிலடெல்ஃபியாவில் ஹென்றி டெரிஞ்சர் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் அதைத்தான் செய்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற, ஒரே ஒரு குண்டு போடுகிற கைத்துப்பாக்கிகளை ஜோடி ஜோடியாக விற்றார். மற்றவர்கள் காப்பியடித்தார்கள், கடைசியில் அவர் பெயரே அந்த வகைக்கு நிலைத்துவிட்டது, அவர் விரும்பியிருக்க முடியாத ஒரு சம்பவத்தின் உதவியோடு. 1865 ஏப்ரல் 14 இரவு வாஷிங்டனின் ஃபோர்டு நாடக அரங்கில் ஆபிரகாம் லிங்கனைச் சுட ஜான் வில்க்ஸ் பூத் எடுத்துப்போனது ஒரு டெரிஞ்சரைத்தான். அந்தத் துப்பாக்கி இன்றும் அதே அரங்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எடை கால் கிலோ சுமார்.

இந்த வேதியியலைப் பார்க்க அருப்புக்கோட்டைக்காரர் யாரும் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போகவேண்டியதில்லை. முத்துமாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் கடைகளிலும், தீபாவளிக்கு முந்தைய வாரம் பெட்டிக்கடைகளிலும் அது சுருள் சுருளாகக் கிடைக்கும். ரோல் கேப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பாருங்கள். மெல்லிய இரண்டு காகிதப் பட்டைகள். நடுவில் சம இடைவெளியில் புடைத்திருக்கும் பொட்டுகள். ஒவ்வொரு பொட்டிலும் சில மில்லிகிராம் மருந்துதான். தகரத் துப்பாக்கியின் பல்சக்கரம் பட்டையை ஒரு பொட்டு தள்ளும், சுத்தி விழும், பட்டென்று ஒரு சத்தம், மூக்கில் ஏறும் ஒரு நெடி. இரண்டாம் நாளே சுத்தியின் ஸ்பிரிங் போய்விடும். அப்புறம் வாசல்படியில் பட்டையை விரித்து வைத்துக் கல்லால் தட்டுவதுதான். கல்லால் தட்டினாலும் வெடிக்கிறது என்பதில்தான் ஃபோர்சைத்தின் விஷயமே இருக்கிறது.

ஏன் வெடிக்கிறது? தீப்பெட்டியைப் பார்த்தால் பாதி புரியும். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட். அதில் ஆக்சிஜன் அடைந்து கிடக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரசும் கண்ணாடித் தூளும். இரண்டும் தனித்தனியாக இருக்கிற வரை சாது. உரசும்போது மட்டும், உரசிய இடத்தில் மட்டும் ஒரு கணம் சந்திக்கின்றன. ‘சேஃப்டி’ தீப்பெட்டி என்ற பெயர் இந்தப் பிரிவினையால் வந்தது. விளையாட்டுக் கேப்பில் அந்தப் பிரிவினை கிடையாது. சேரக்கூடாத இரண்டையும் மிகக் கொஞ்சமாக ஒரே பொட்டில் அடக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் ‘கொஞ்சம்’ ஒன்றுதான் பாதுகாப்பு. அளவு கூடினால் அது விளையாட்டுப் பொருள் அல்ல.

அடியின் சக்தி மொத்தத்தையும் பொட்டு முழுவதும் பங்கிட்டுப் பார்த்தால் வெப்பம் சில டிகிரிகூட ஏறாது. பிறகெப்படித் தீப்பிடிக்கிறது என்ற கேள்விக்குக் கேம்பிரிட்ஜில் பௌடன், யாஃப் என்ற இருவர் கடந்த நூற்றாண்டின் நடுவில் விரிவாக விடை தேடினார்கள். சக்தி பங்கிடப்படுவதில்லை என்பதே விடை. படிகங்கள் ஒன்றோடொன்று உரசும் முனைகளிலும், நசுங்கும் காற்றுக் குமிழிகளிலும் அது குவிகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சூட்டுப் புள்ளிகளில் வெப்பநிலை சில நூறு டிகிரிக்குத் தாவுகிறது. ஒன்று பற்றினால் போதும், மற்றதெல்லாம் தொடரும். சிவகாசி வட்டாரத்தில் மருந்து கலக்கும் அறையில் தரையில் ரப்பர் விரிப்பும், இரும்புக் கருவிக்குத் தடையும் இருப்பதன் காரணம் இதுதான். ஒரு மணல் துகள் போதும். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். அந்த வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இந்த வேதியியலைப் புத்தகம் சொல்லித் தரவேண்டியதில்லை.

இந்திய அரசு 1992இல் ஓர் அறிவிக்கையில் குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்து வெடிபொருள் செய்வதைத் தடைசெய்தது. விதிவிலக்கு மிகச் சிலவற்றுக்குத்தான்: அறிவியல் ஆய்வுக்கான சிறு அளவு, தீக்குச்சித் தலை, அப்புறம் விளையாட்டுத் துப்பாக்கிக்கான காகிதக் கேப். ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்தில் பொட்டுக் கேப்புக்கும் ஓர் இடம். அரசிதழை அலுப்போடு புரட்டுகிறவர்களுக்கு இப்படிச் சில சன்மானங்கள் உண்டு.

கேப் தீ கொடுக்கும்; குண்டைத் தள்ளுவது கருமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி. இதில் கரிக்கு இந்தச் சீமையில் பஞ்சமே இல்லை. திருச்சுழி, கமுதி, சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி, மண் பூசி, மூட்டம் போட்டு மூட்டை மூட்டையாக அனுப்புகிறார்கள். ஆனால் அந்தக் கரி மருந்துக்கு ஆகாது. கட்டை கனம், கரியும் கனம், நின்று எரியும். கருமருந்துக்கு வேண்டியது லேசான, துளை நிறைந்த, சீக்கிரம் பற்றும் கரி. ஐரோப்பாவில் வில்லோ மரத்தைத் தேடினார்கள். கல்கத்தா பக்கத்து இஷாப்பூர் மருந்தாலையில் வெள்ளைக்காரர்கள் பயன்படுத்தியது துவரமார்க் கரி. அருப்புக்கோட்டை மானாவாரிக் காட்டில் துவரை அறுத்தபின் அடுப்பெரிக்கக் கட்டி வைக்கிற அதே மார்தான்.

கருமருந்து எரிந்தால் எடையில் பாதிக்குக் குறைவாகத்தான் வாயுவாகிறது. மிச்சம் புகையும் மண்டியுமாகத் தங்கும். அந்த மண்டி காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை ஒரே இரவில் கடிக்க ஆரம்பித்துவிடும். பழைய டெரிஞ்சர் வைத்துச் சுடும் அமெரிக்க ஆர்வலர்கள் அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து எண்ணெய் போடுவது இதனால்தான். எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு கரையாது, தண்ணீர்தான் கரைக்கும். துப்பாக்கியைத் தண்ணீரில் கழுவுவதா என்று முதலில் யாருக்கும் கை கூசும்.

இனி குழல். எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம் என்று தோன்றியது அல்லவா, இயற்பியல் அங்கே கணக்குக் கேட்கிறது.

எண்களுக்கு டெரிஞ்சர் வகையிலேயே அதிகம் விற்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ரெமிங்டன் கம்பெனி 1866 முதல் 1935 வரை செய்த இரட்டைக் குழல் துப்பாக்கி. குழல்கள் ஒன்றின்மேல் ஒன்று, நீளம் 3 அங்குலம், வெறும் துப்பாக்கி 310 கிராம் சுமார். இதற்குள் கேப், மருந்து, குண்டு மூன்றும் ஒரே செப்புக் கூட்டுக்குள் போய்த் தோட்டாவாகிவிட்டன. குண்டின் எடை 8.4 கிராம்; வேகம் விநாடிக்கு 130 மீட்டர் சுமார். அதன் ஆற்றல் 71 ஜூல் வருகிறது. ஒரு கிலோ படிக்கல்லை ஏழு மீட்டர் உயரத்து மொட்டைமாடியிலிருந்து போட்டால் தரையில் மோதும் ஆற்றல் இது. ஆளைக் கொல்லப் போதும். ஆனால் முதல் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்கள் தூக்கிய .303 ரைபிளின் குண்டு சுமார் 3,100 ஜூல். நாற்பது மடங்குக்கும் மேல்.

வித்தியாசம் மருந்தின் அளவில் பாதி, குழலின் நீளத்தில் பாதி. குழலுக்குள் இருக்கிற வரைதான் வாயு குண்டைத் தள்ளும். மூன்று அங்குலத்தைக் கடக்க ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி ஆகிறது; அதற்குள் மருந்து முழுக்க எரிந்தும் முடியாது. எரியாத துகள்கள் குண்டுக்குப் பின்னாலேயே வெளியே வந்து காற்றில் எரியும். அதனால்தான் குட்டித் துப்பாக்கிக்கு வாய் பெரிது: பளிச்சென்ற தீயும் காதை அடைக்கும் சத்தமும், வீணாய்ப் போன சக்திதான். நரிக்குறவர்கள் தோளில் மாட்டிப் போன ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி இதற்கு நேர் எதிர்க்கோடி. கேப் அதே கேப். குழலோ ஆள் மார்பளவு. கிடைக்கிற கொஞ்சம் மருந்தைக் கடைசி வரை வேலை வாங்க அந்த நீளம்.

உதைப்பையும் பார்த்துவிடலாம். குண்டு முன்னால் போகும் உந்தம் அவ்வளவும் துப்பாக்கி பின்னால் வரும் உந்தம். 310 கிராம் ரெமிங்டன் கையை நோக்கி விநாடிக்கு மூன்றரை மீட்டர் வேகத்தில் வருகிறது. நாலு கிலோ .303 இரண்டு மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய வேகத்தில்தான் வரும். மொத்த உதை ரைபிளில் அதிகம், ஆனால் அதை வாங்கத் தோள் இருக்கிறது. டெரிஞ்சரின் பிடியிலோ இரண்டு விரல்தான் அடங்கும். விசையும் கனம். விசையை இழுக்கிற முயற்சியிலேயே குழலின் மூக்கு சாய்ந்துவிடும்.

அந்தச் சாய்வு என்ன செய்யும்? குறிமுள்ளுக்கும் பின்பள்ளத்துக்கும் இடையே ஏழு சென்டிமீட்டர் என்று வைப்போம். மூக்கு ஒரு மில்லிமீட்டர் விலகினால் பத்து மீட்டர் தள்ளி குண்டு 14 சென்டிமீட்டர் விலகும். ரைபிளில் இந்தத் தூரம் முக்கால் மீட்டர் என்றால், அதே தவறுக்கு விலகல் 1.3 சென்டிமீட்டர்தான். போதாக்குறைக்கு வேகம் குறைவு. 25 மீட்டர் போவதற்குள் குண்டு 18 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கும். திரைப்படத்தில் வில்லன் மாடிப்படியில் நின்றுகொண்டு குட்டித் துப்பாக்கியால் தெருக்கோடி ஜீப்பின் டயரைச் சுடுகிறாரே, அதை அவருடைய அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லவேண்டும்.

ஆக, சட்டைப்பைத் துப்பாக்கி கையெட்டும் தூரத்துக்கான ஆயுதம். வரலாறு இதை மாற்றிச் சொல்லவே இல்லை. பூத் லிங்கனின் முதுகுக்குப் பின்னால் நின்று சுட்டான். ஒரே குண்டு, அது போனதும் துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தான். 1909 டிசம்பர் 21 அன்று நாசிக் கலெக்டர் ஜாக்சனை அனந்த் கன்ஹேரே சுட்டதும் ஒரு நாடக அரங்கில், நேருக்கு நேர். அந்தக் கையில் இருந்தது பெல்ஜியத்துப் பிரௌனிங் கைத்துப்பாக்கி.

நம் பக்கத்துக் கதையும் பிரௌனிங்கோடுதான். அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிச் சாலையில் எட்டயபுரம் தாண்டி மேற்கே விலகினால் மணியாச்சி. 1911 ஜூன் 17 காலை திருநெல்வேலிக் கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ் கொடைக்கானல் போகும் வழியில் அங்கே முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். போட் மெயில் வரச் சில நிமிடங்கள் இருந்தன. செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி, ஆஷின் மார்பில் சுட்டார். பிளாட்பாரத்தில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து தன் வாய்க்குள் சுட்டுக்கொண்டார். இதன் அரசியலைப் பலர் பல கோணத்தில் எழுதியாயிற்று. இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது அந்தப் பெட்டியின் அகலம். எதிரெதிர் இருக்கைகளுக்கு நடுவில் குறி பார்க்க என்ன இருக்கிறது?

ஆனால் வாஞ்சியின் கையில் இருந்தது டெரிஞ்சரின் பேரப்பிள்ளை. அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வடிவமைத்து, லீஜ் நகரை ஒட்டிய ஹெர்ஸ்டாலில் எஃப்.என். கம்பெனி செய்த தானியங்கி. அந்த வகையில் புகழ்பெற்ற 1900 மாடலின் கணக்கைப் பார்த்தால் வளர்ச்சி தெரியும்: எடை 625 கிராம், குழல் 4 அங்குலம், கைப்பிடிக்குள் ஏழு தோட்டாக்கள். குண்டு டெரிஞ்சரினதில் பாதி எடை, ஆனால் வேகம் இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆகவே ஆற்றலும் இரண்டு மடங்கைத் தாண்டியது. புகையில்லா மருந்தின் வேலை இது: எரியும்போது கிட்டத்தட்ட முழுக்க வாயுவாகும், குழலில் மண்டி சேராது. டெரிஞ்சரைக் கட்டிப்போட்ட உதைப்பைப் பிரௌனிங் கூலிக்கு அமர்த்திக்கொண்டார். பின்னால் வரும் உதையே பழைய கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றியது. கேப் மட்டும் மாறவில்லை. தோட்டாவின் அடியில் உட்கார்ந்து கொண்டு அது ஃபோர்சைத்தின் காலத்து வேலையையே செய்துகொண்டிருந்தது.

வாஞ்சிக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவர் வ.வே.சு. ஐயர், இடம் புதுச்சேரி. அது பிரெஞ்சு மண். இந்தப் பக்கம் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நடந்தது. இந்தியன் துப்பாக்கி வைக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியனுக்கு அந்தத் தொல்லை இல்லை. தென்சீமைக்கு அதற்கும் முந்தைய நினைவு ஒன்று உண்டு: பாளையக்காரர் போர் முடிந்த 1801 டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் ஆயுதம் வைப்பதையே தடுத்தது. எறிகருவியான வளரிகூடப் பறிபோனது.

இன்று 1959ஆம் ஆண்டுச் சட்டம். நிறபேதம் போய்விட்டது, உரிமம் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. தாத்தா விட்டுப்போனது என்றாலும் அந்த இரண்டுக்குள்தான். பழசு என்பதால் மட்டும் விலக்கு கிடையாது. பழைய பாணியாகவோ தொன்மை மதிப்புள்ளதாகவோ இருப்பதோடு, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத நிலையில் இருந்தால்தான் சட்டம் அதைச் சும்மா விடுகிறது. சுடக்கூடிய டெரிஞ்சர் ஒன்று பரணில் கிடந்தால் அது 150 வயதான உரிமமற்ற ஆயுதம்தான். பார்க்கத்தான் ஆசை என்றால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களும் கோட்டைக் கிடங்கிலிருந்து வந்தவையும் கண்ணாடிக்குள் இருக்கின்றன.

சேகரிப்பாளர்கள் பழைய டெரிஞ்சரைக் கையில் எடுத்ததும் முதலில் கீலைப் பார்ப்பார்கள். ரெமிங்டனின் இரண்டு குழல்களும் மேல்நோக்கித் திறக்கும் அந்த மெல்லிய கீலின் காது விரிசல் விட்டிருப்பது சர்வசாதாரணம். அந்த இரும்பு கருமருந்தின் அழுத்தத்துக்கு அடித்தது. புகையில்லா மருந்தின் அழுத்தம் வேறு மாதிரி ஏறும். எரிய எரிய அழுத்தம் கூடும், அழுத்தம் கூடக்கூட எரிவதும் வேகமாகும். பழைய குழலில் அதைப் போட்டவர்களின் விரல்கள் போயிருக்கின்றன.

வறண்ட சீமைக்கருவேலக் காட்டு ஊர்களுக்கு இன்னொரு விசேஷ ஆபத்து உண்டு. கருமருந்து கெட்டுப்போகாது. நனைந்தால் வலுவிழக்கும், வறண்ட இடத்தில் மூடிக் கிடந்தால் நூறு, நூற்றைம்பது வருடம் ஆனாலும் தீப்பிடிக்கும். 2008இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்நாட்டுப் போர்க்காலத்துப் பீரங்கிக் குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒருவர் அது வெடித்து இறந்தார். குண்டுக்கு அப்போது வயது 140க்கும் மேல். வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளை மருந்தோடே மூலையில் சாத்திவிடுவது எல்லா நாட்டிலும் இருந்த பழக்கம். அருங்காட்சியகத்துக்கு வரும் ஒவ்வொன்றையும் அதற்காக ஒரு குச்சியை வைத்துச் சோதிப்பார்கள். நிப்பிளில் கேப் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஆள் குழல்வாய்க்கு நேரே நிற்காமல், குச்சியை உள்ளே விட்டு விளிம்பில் அடையாளம் வைப்பார்கள். வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். குச்சி நிப்பிள் வரை போகாமல் இரண்டு மூன்று அங்குலம் குறைந்தால் உள்ளே குண்டும் மருந்தும் இன்னும் இருக்கின்றன என்று பொருள். வீட்டுப் பரணில் அப்படியொன்று அகப்பட்டால் குச்சியும் நமக்கு வேண்டாம், குதிரையைத் தூக்கிப் பார்ப்பதும் வேண்டாம். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லி அனுப்பிவிடலாம்.